கையின் அளவும் கருவியின் அளவும்: ஒளிப்படத் திருத்தத்திற்கேற்ற வரைபலகை

முகப்பு

அமைச்சனுக்குரிய தகுதிகளை அடுக்கிக் கூற வந்த திருவள்ளுவர், காலத்திற்கும் செயலுக்கும் முன்னதாகக் கருவியை வைத்தார். அரசியலுக்குச் சொன்னது ஆயினும் அம்முறைவைப்பு எல்லாத் தொழிலுக்கும் பொருந்துவதாகும். தக்க கருவியின்றித் தொடங்கிய வினை பாதி வழியில் நின்றுவிடும். தகுதிக்கு மீறிய கருவியோ கையையும் கைப்பொருளையும் ஒருசேர வருத்தும்.

இவ்வுண்மையை எனக்கு நினைவூட்டியவர் எம் மாணவர் ஒருவர். அவர்தம் தந்தையார் சிவகாசிக்கு அருகில் ஒரு பட்டாசு ஆலையில் பணிபுரிபவர். தீபாவளியையொட்டிக் கிடைத்த போனஸ் தொகையைத் தந்தையார் மகனிடம் அப்படியே கொடுத்து, "உனக்கு வேண்டிய கருவியை வாங்கிக்கொள், இந்த மருந்து வேலை என்னோடு போகட்டும்" என்று கூறியிருக்கிறார். மகனுக்கு ஒளிப்படத் திருத்தக் கலையில் நாட்டம். நாட்காட்டிக்குப் படம் ஆயத்தம் செய்யும் நிறுவனம் ஒன்றில் சேர வேண்டும் என்பது அவர் எண்ணம். "ஐயா, டிராயிங் டேப்லட் வாங்கப் போகிறேன். காலண்டர் படமெல்லாம் பெரிது. ஆகவே பெரிய அளவிலேயே வாங்கிவிடலாமா?" என்று வினவினார்.

தமிழ்த்துறை ஆசிரியனிடம் கேட்கத்தக்க வினாவா இது என்று சிலர் நகைக்கக்கூடும். எழுத்தையும் ஓவியத்தையும் அச்சையும் ஒன்றாகவே வளர்த்த நிலம் இது. தந்தையின் ஓராண்டு உழைப்பின் பயன் ஒரு கருவியாக மாறவிருக்கும் நேரத்தில், அக்கருவியின் அளவைப் பற்றிச் சிந்திப்பது வீண் வேலையன்று. அவ்வினாவிற்கு யான் தேடிக் கண்ட விடையே இக்கட்டுரை.

சிவகாசியும் திருத்தும் கையும்

விருதுநகர் மாவட்டத்தின் வானம் பார்த்த பூமி, உழவை மட்டும் நம்பி வாழ இயலாததாயிற்று. 1922-ஆம் ஆண்டில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய அய்ய நாடார், சண்முக நாடார் ஆகிய இருவரும் சிவகாசியின் தொழில் வரலாற்றைத் தொடங்கி வைத்தனர். தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசு வந்தது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். பட்டாசுப் பெட்டிக்குக் கண்ணைக் கவரும் வண்ணப்படம் வேண்டும். இத்தேவையே அச்சகங்களை இம்மண்ணில் தழைக்கச் செய்தது எனலாம். தீப்பெட்டி, பட்டாசு, அச்சு ஆகிய மூன்றும் சேர்ந்தே இவ்வூருக்குக் 'குட்டி ஜப்பான்' என்னும் பெயரை ஈட்டித் தந்தன.

அச்சகம் பெருகவே, படம் எழுதும் கைகளுக்கும் தேவை பெருகிற்று. சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, பின்னர் கோவில்பட்டியில் நிலைகொண்ட ஓவியர் சி. கொண்டையராஜு (1898–1976) அவர்களும், அவர்தம் மாணாக்கர் பரம்பரையினரும் எழுதிய தெய்வத் திருவுருவப் படங்கள், சிவகாசியில் அச்சாகி நாடெங்கும் வீட்டுச் சுவர்களை அணி செய்தன. அதே அச்சு இயந்திரங்களில் மக்கா, மதீனாக் காட்சிகளும், வேளாங்கண்ணி மாதாவின் படமும் அச்சாயின. சமயம் எதுவாயினும் வண்ணம் ஒன்றே என்பது அச்சுத் தொழிலின் அறம்.

ஓவியம் நேரே அச்சாகிவிடுவதில்லை. கல்லச்சுக் காலத்தில் ஒவ்வொரு வண்ணத்திற்கும் தனித்தனியே கல்லிலோ துத்தநாகத் தகட்டிலோ புள்ளி புள்ளியாகக் கையால் எழுத வேண்டியிருந்தது. பின்னர் ஆப்செட் முறை வந்தபொழுது, வண்ணம் பிரித்த பிலிம்களைக் கண்ணாடி மேசையின் மேல் வைத்து, கீழிருந்து ஒளி பாய்ச்சி, நுண்ணிய தூரிகையால் குறை நீக்கினர். ஒளிப்பட நிலையங்களிலோ, சாய்வான மேசையில் நெகட்டிவைப் பொருத்தி, ஊசிபோல் சீவிய பென்சிலால் முகத்தின் வடுக்களை மறைத்தனர். இவர்கள் அனைவர்க்கும் தொழிலில் வழங்கிய பெயர் 'ரீடச்சர்' என்பது. ரீடச்சரின் மேசை சிறிது, பென்சில் சிறிது, கை அசைவும் சிறிது. இச்செய்தியை நினைவில் கொள்க. பின்னர் இது நமக்குப் பயன்படும்.

1990-ஆம் ஆண்டில் ஃபோட்டோஷாப் என்னும் மென்பொருள் வெளிவந்தது. அதன்பின் கண்ணாடி மேசையின் இடத்தைக் கணிப்பொறித் திரை பற்றிக்கொண்டது. ஆடிப் பெருக்கன்று அடுத்த ஆண்டிற்கான நாட்காட்டி ஆல்பங்களைச் சிவகாசி அச்சகத்தார் வெளியிடுகின்றனர். அன்று தொடங்கி மார்கழி வரை ஓயாது நடைபெறும் வேலைகளுள் படத் திருத்தமும் ஒன்று. தூரிகை சென்ற வழியே 'மௌஸ்' வந்தது. சவர்க்காரக் கட்டியைப் பிடித்துக்கொண்டு கோலம் போடுவது எங்ஙனமோ அங்ஙனமே மௌஸைப் பிடித்துக்கொண்டு கண்ணிமையைத் திருத்துவதும். அக்குறையைப் போக்க வந்ததே வரைபலகை.

வரைபலகை என்பது யாது?

வரைபலகை என்பது தட்டையான ஒரு பலகையும், அதன்மேல் இயங்கும் ஒரு பேனாவும் ஆகும். அமெரிக்காவின் ராண்ட் நிறுவனம் 1964-ஆம் ஆண்டில் இத்தகைய பலகை ஒன்றை உருவாக்கிற்று. அதன் எழுதுபரப்பு ஏறத்தாழ 10 அங்குலச் சதுரம். இன்று இத்துறையில் பெயர் பெற்ற வாக்கொம் நிறுவனம் 1983-ஆம் ஆண்டில் ஜப்பானில் தொடங்கப்பெற்றது. குட்டி ஜப்பானுக்கு வேண்டிய கருவி பெரிய ஜப்பானிலிருந்து வந்தது பொருத்தமே! ஹுயான், எக்ஸ்பி-பென் முதலிய பெயர்களில் சீனப் பலகைகளும் இன்று கிடைக்கின்றன.

பலகையின் உள்ளே நுண்கம்பிகள் வலைபோல் பின்னப்பட்டுள்ளன. அவை எழுப்பும் மின்காந்தப் புலத்தைப் பேனாவினுள் உள்ள சுருள் ஏற்று எதிரொலிக்கிறது. அவ்வெதிரொலியைக் கொண்டு பேனா எவ்விடத்தில் உள்ளது, எவ்வளவு அழுத்தப்படுகிறது என்பவற்றைப் பலகை அறிந்துகொள்கிறது. ஆதலின் இவ்வகைப் பேனாவிற்கு மின்கலம் தேவையில்லை.

மௌஸுக்கும் இதற்கும் அடிப்படை வேறுபாடு ஒன்று உண்டு. மௌஸைத் தூக்கி வேறிடத்தில் வைத்தாலும் திரையிலுள்ள குறி நின்ற இடத்திலேயே நிற்கும். வரைபலகையிலோ, பலகையின் ஒவ்வோரிடமும் திரையின் ஓரிடத்தைக் குறிக்கும். பலகையின் வலப்புற மேல் மூலையில் பேனாவை வைத்தால் குறியும் திரையின் வலப்புற மேல் மூலைக்குச் சென்றுவிடும். எனவே சிறு பலகையாயினும் பெரும் பலகையாயினும் முழுத் திரையையும் அதற்குள் அடக்கியாக வேண்டும். அளவு பற்றிய சிக்கல் அனைத்தும் இவ்வோர் இயல்பிலிருந்தே பிறக்கிறது.

அளவு என்பதன் பொருள்

கடைகளில் சிறிது, நடுத்தரம், பெரிது என மூவகை கூறுவர். வாங்குவோர் முதலில் அறிய வேண்டுவது, பலகையின் வெளிச்சட்டம் வேறு, பேனா இயங்கும் வரைபரப்பு வேறு என்பதாகும். பெட்டியின் மேல் பெரிதாக அச்சிடப்பட்ட அளவு எதைக் குறிக்கிறது என்று கேட்டறிதல் வேண்டும். நமக்குக் கணக்கு வரைபரப்பே.

நிறுவனத்திற்கு நிறுவனம் சற்றே வேறுபடினும், எடுத்துக்காட்டாகச் சிறிய பலகையொன்றின் வரைபரப்பு 152 மி.மீ. அகலமும் 95 மி.மீ. உயரமும் கொண்டது. நடுத்தரப் பலகை 216 மி.மீ. அகலமும் 135 மி.மீ. உயரமும், பெரிய பலகை 311 மி.மீ. அகலமும் 216 மி.மீ. உயரமும் கொண்டவை.

எண்கள் மனத்தில் தங்கமாட்டா. அச்சுத் தொழிலறிந்த நம் பகுதியினர்க்கு எளிய வழியொன்று உண்டு. ஏ4 தாள் ஒன்றை எடுத்துக்கொள்க; அதுவே ஏறத்தாழப் பெரிய பலகை. அதனை ஒருமுறை மடித்தால் ஏ5 ஆகும். அது நடுத்தரப் பலகை. மீண்டும் ஒருமுறை மடித்தால் ஏ6 ஆகும். அது சிறிய பலகை. ஒரே தாளில் மூன்று அளவும் அடங்கிவிட்டன.

பெரிய படத்திற்குப் பெரிய பலகையா?

மாணவர் கேட்ட வினாவிற்கு இனி வருவோம். 15 அங்குல அகலமும் 20 அங்குல உயரமும் கொண்ட சுவர் நாட்காட்டிப் படம் ஒன்றைக் கொள்வோம். அங்குலத்திற்கு 150 கோடுகள் கொண்ட நுண்புள்ளி அச்சிற்கு, அங்குலத்திற்கு 300 பிக்சல் வீதம் படம் ஆயத்தம் செய்வது வழக்கம். ஆகவே அப்படம் 4,500 பிக்சல் அகலமும் 6,000 பிக்சல் உயரமும் உடையதாகிறது. மொத்தம் 2 கோடியே 70 இலட்சம் பிக்சல்கள்.

பரவலாகப் பயன்படும் திரையோ 1,920 பிக்சல் அகலமும் 1,080 பிக்சல் உயரமும் கொண்டது. அதில் அடங்குவன ஏறத்தாழ 20 இலட்சத்து 74 ஆயிரம் பிக்சல்கள் மட்டுமே. படத்தை அதன் முழு நுட்பத்துடன் காணும்பொழுது, படத்தின் பதின்மூன்றில் ஒரு பங்கே திரையில் தெரியும். கண்ணைத் திருத்தும்போது பாதம் தெரியாது. பாதத்தைத் திருத்தும்போது முடி தெரியாது. பட்டாசுப் பெட்டியின் சிறு லேபிளாயின், கிட்டத்தட்ட முழுவதுமே திரைக்குள் அடங்கிவிடும். இரு வேலைகளிலும் கை இயங்குவது திரையளவிற்குள்ளேதான். அச்சாகும் தாளின் அளவிற்கும் பலகையின் அளவிற்கும் நேர்த்தொடர்பு ஏதுமில்லை என்பது இதனால் பெறப்படும்.

பழைய ரீடச்சரின் மேசையை இங்கு நினைவுகூர்க. அவர் பெரிய சுவரொட்டிக்கும் சிறிய லேபிளுக்கும் அதே மேசையில், அதே பென்சிலால்தான் வேலை செய்தார். முழுப் படத்தையும் ஒரே வீச்சில் எழுதுவது ஓவியர் தொழில். படத்தின் ஒரு பகுதியைக் கண்ணருகே கொணர்ந்து குறை களைவது திருத்துவோர் தொழில். ஓவியர்க்கு நீண்ட வளைவுகளை இழுக்க இடம் வேண்டும். திருத்துவோர்க்குச் சிறு அசைவுகளில் துல்லியம் வேண்டும். 'பெரிய பலகையே சிறந்தது' என்னும் அறிவுரை பெரும்பாலும் ஓவியர்களிடமிருந்து வருவது. ஒளிப்படம் திருத்துவோர் அதனை அப்படியே ஏற்றல் கூடாது.

திரையும் பலகையும்

அங்ஙனமாயின் அளவை உறுதி செய்வது எது? திரைக்கும் பலகைக்கும் உள்ள விகிதமே முதற் காரணமாகும்.

24 அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ 53 செ.மீ. சிறிய பலகையின் அகலம் 15.2 செ.மீ. எனவே பலகையில் கை 1 செ.மீ. நகர்ந்தால் திரையில் குறி 3.5 செ.மீ. நகரும். நடுத்தரப் பலகையில் அதே அசைவிற்கு ஏறத்தாழ 2.5 செ.மீ.; பெரிய பலகையில் 1.7 செ.மீ. விகிதம் கூடுந்தோறும் கையின் சிறு நடுக்கமும் திரையில் பெரிதாகத் தோன்றும். விகிதம் குறையுந்தோறும் துல்லியம் மிகும். ஆனால் திரையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குச் செல்லக் கை நெடுந்தொலைவு பயணம் செய்ய வேண்டும்.

இப்பொழுது 15.6 அங்குல மடிக்கணினியை எடுத்துக்கொள்வோம். அதன் திரை அகலம் ஏறத்தாழ 34.5 செ.மீ. அதனுடன் சிறிய பலகையை இணைத்தால் விகிதம் 2.3 மட்டுமே. அதாவது, மடிக்கணினிக்குச் சிறிய பலகை எப்படியோ, 24 அங்குலத் திரைக்கு நடுத்தரப் பலகை அப்படி. 'எந்த அளவு நல்லது?' என்று பொதுப்படக் கேட்பதில் பொருளில்லை. 'என் திரைக்கு எந்த அளவு?' என்று கேட்பதே முறை.

உருப்பெருக்கத்தையும் இங்குக் கருத வேண்டும். மேற்கூறிய 1,920 பிக்சல் திரையில், சிறிய பலகையில் 1 மி.மீ. அசைவு ஏறத்தாழ 12.6 பிக்சல்களைக் கடக்கும். நடுத்தரப் பலகையில் 8.9 பிக்சல்களைக் கடக்கும். படத்தை 300 விழுக்காடு பெருக்கி வைத்துக்கொண்டால், சிறிய பலகையின் 1 மி.மீ. படத்தின் 4.2 பிக்சல்களையே தொடும். நடுத்தரப் பலகையில் 200 விழுக்காட்டில் பணிபுரிவோர் பெறும் துல்லியமும் ஏறத்தாழ அதுவே. ஆகவே சிறிய பலகை வைத்திருப்போர் சற்று மிகுதியாகப் பெருக்கிக்கொண்டால் துல்லியத்தில் குறைவுபடார். அடிக்கடி படத்தை நகர்த்த வேண்டியிருக்கும். அதுவே அவர் தரும் விலை. நாளொன்றுக்கு இரண்டு படம் திருத்துவோர்க்கு அது பொருட்டன்று. இருபது படம் திருத்துவோர்க்கு அது பெருஞ்சுமை.

இரண்டு திரைகள் இணைத்துப் பணிபுரிவோர், பலகையை ஒரு திரைக்கு மட்டும் உரியதாக அமைத்துக்கொள்ளுதல் நன்று. இரண்டிற்கும் பகிர்ந்தால் பலகையின் பாதியகலமே ஒரு திரைக்குக் கிட்டும்.

வட்டம் வட்டமாதல்

திரையின் அகலமும் உயரமும் பெரும்பாலும் 16-க்கு 9 என்னும் விகிதத்தில் உள்ளன. மேலே எடுத்துக்காட்டிய சிறிய, நடுத்தரப் பலகைகளோ 16-க்கு 10 என்னும் விகிதத்தில் அமைந்தவை. இவ்வேறுபாட்டைக் கவனியாது விட்டால், பலகையில் வரைந்த வட்டம் திரையில் சற்றே பக்கவாட்டில் நீண்ட முட்டை வடிவாகத் தோன்றும். கண் விழியைத் திருத்துவோர்க்கு இஃது இடர் தரும். பலகையுடன் வரும் மென்பொருளில் விகிதத்தை ஒன்றாக்கும் வசதி உண்டு. அதனைத் தெரிவு செய்தால் சிறிய பலகையில் உயரத்தில் ஏறத்தாழ 1 செ.மீ. பயனற்றுப் போகும், எஞ்சிய பரப்பு திரையை உள்ளபடி காட்டும். புதிதாக வந்த பலகைகள் சில 16-க்கு 9 என்னும் விகிதத்திலேயே அமைந்துள்ளன. வாங்குமுன் இதனையும் பார்த்தல் வேண்டும்.

கையின் மூன்று மூட்டுகள்

அளவை உறுதி செய்யும் இரண்டாவது காரணம் நம் உடலே. ஏ6 அளவுள்ள பரப்பில் எழுதும்போது விரல்களும் மணிக்கட்டுமே பெரிதும் இயங்கும். ஏ5 அளவில் மணிக்கட்டோடு முன்கையும் இயங்கும். ஏ4 அளவில் முழங்கை மேசையை விட்டெழுந்து தோளும் சேர்ந்தியங்கும்.

மணிக்கட்டு மட்டும் நாள் முழுதும் இயங்கினால் நோகும். தோள் நாள் முழுதும் இயங்கினாலும் நோகும். எடை குறைந்த மயிலிறகேயாயினும் அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்பது வள்ளுவர் காட்டிய உவமை. பேனாவின் எடை மயிலிறகின் எடையே. நாளொன்றுக்குப் பல்லாயிரம் முறை அதனை அசைக்கும் மணிக்கட்டே அந்த அச்சு. கைத்தொழிலாளிக்குக் கையே முதல். முதலை அழித்து ஊதியம் காண்பது வாணிகமாகாது. ஆடி முதல் மார்கழி வரை நாள்தோறும் எட்டு மணி நேரம் இவ்வேலையில் இருப்போர்க்கு, மணிக்கட்டும் முன்கையும் பளுவைப் பகிர்ந்துகொள்ளும் நடுத்தரப் பலகை ஏற்றது என்பதற்கு இதுவே தலையாய காரணம்.

எப்பலகையாயினும் அதனைத் திரைக்கு நேராக, சாயாமல் வைத்தல் வேண்டும். பலகை சாய்ந்தால் கை நேராக இழுத்த கோடும் திரையில் சாய்ந்தே விழும். அரை மணிக்கு ஒருமுறை பேனாவைக் கீழே வைத்துக் கைவிரல்களை விரித்து மடக்குதல் நலம்.

மேசையும் மறு கையும்

படத் திருத்தம் ஒரு கை வேலையன்று. வலக்கை பேனாவைப் பிடித்திருக்கையில் இடக்கை விசைப்பலகையில் குறுக்குவிசைகளை அழுத்திக்கொண்டே இருக்கும். பெரிய பலகையின் வெளிச்சட்டம் 40 செ.மீ. அகலத்தைத் தாண்டும், முழு விசைப்பலகையும் ஏறத்தாழ அதே அகலம் உடையது. 90 செ.மீ. மேசையில் இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் தேநீர்க் குவளைக்கும் இடமிராது. விசைப்பலகை தொலைவில் தள்ளப்பட்டால் இடத்தோள் வலிக்கும். வீட்டில் சிறு மேசையோ, தரையில் தாழ்பலகையோ வைத்துப் பணிபுரியும் மாணவர்கள் இதனை முதலிலேயே கணக்கிட வேண்டும். இடக்கைப் பழக்கமுடையோர், பலகையைத் திருப்பி வைத்துப் பயன்படுத்த இயலுமா என்பதையும் கேட்டறிக.

அளவினும் முதன்மையானது

ஒளிப்படத் திருத்தத்தில் பலகையின் அளவினும் முதன்மையான பண்பு ஒன்றுண்டு. அது பேனாவின் அழுத்த உணர்வு. கன்னத்தின் நிழலை மெல்லத் தணிப்பதும், மாஸ்க் எனப்படும் மறைப்பின் ஓரத்தைக் கூந்தலின் இழைபோல் மென்மையாக்குவதும் அழுத்தத்தின் ஏற்றத்தாழ்வினால் அமைவன. 2,048, 4,096, 8,192 என்று அழுத்தப் படிநிலைகளை விளம்பரங்களில் பெருக்கிக் காட்டுவர். இவற்றிடையே உள்ள வேறுபாட்டைக் கை உணர்வது அரிது. பேனா எத்துணை மெல்லிய தொடுகையிலும் கோடு தொடங்குகிறதா என்பதே பார்க்க வேண்டுவது. அழுத்தமாகத் தொட்டாலன்றி உயிர்பெறாத பேனா, எவ்வளவு பெரிய பலகையின் மேல் இருந்தாலும் திருத்தத் தொழிலுக்கு உதவாது.

திரையின் மேலேயே எழுதும் வகையினவும் இன்று உள. கண்ணும் கையும் ஒரே இடத்தில் இருப்பதால் ஓவியர்கள் அவற்றைப் பெரிதும் விரும்புவர். ஒளிப்படத் திருத்தத்தில் திருத்தும் இடத்தையே கை மறைத்துவிடும். குனிந்தே இருப்பதால் கழுத்தும் நோகும். அச்சிற்குரிய வண்ணத்தை நம்பிப் பார்க்கத் தரமான திரையும் வேண்டும். விலையும் மிகுதி. தொடக்க நிலையில் இருப்போர்க்கு அது இன்றியமையாததன்று.

கலமும் எழுத்தும்

கருவியின் அளவு வேலையின் அளவைப் பின்பற்ற வேண்டும் என்பது புதிய கருத்தன்று. பத்தாம் நூற்றாண்டில் மறைந்த பாக்தாத் எழுத்துக்கலைஞர் இப்னு முக்லா, நாணற்கலத்தின் நுனி பதிக்கும் புள்ளியையே அளவாகக் கொண்டு அரபு எழுத்துகளின் உயரத்தையும் வளைவையும் வகுத்தார். சிற்றெழுத்துக்கு மெல்லிய நுனி, பேரெழுத்துக்கு அகன்ற நுனி எனக் கலத்தைச் சீவிக்கொள்வது காத்திபு எனப்படும் எழுத்தரின் முதற்பாடம். சென்னையில் 1927-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற 'தி முசல்மான்' என்னும் உருது நாளிதழ் பல்லாண்டுகள் இத்தகைய கைகளாலேயே எழுதப்பெற்று அச்சேறியது. நம் முன்னோர் கொணர்ந்த அரபுத்தமிழ் நூல்கள் பலவும் கையால் எழுதிக் கல்லச்சில் பதிக்கப்பெற்றவையே. அக்கலைஞருள் எவரும், பெரிய கலம் வைத்திருப்பதால் தம் எழுத்து சிறக்கும் என்று எண்ணியதில்லை.

வாங்குமுன் செய்யத்தக்க சோதனை

காசு செலவில்லாத சோதனை ஒன்றைக் கூறி முடிக்கலாம். பணிபுரியும் மேசையிலேயே, விசைப்பலகையை உரிய இடத்தில் வைத்து, ஏ4, ஏ5, ஏ6 தாள்களை ஒவ்வொன்றாகத் திரைக்கு முன் ஒட்டுக. முழங்கையை மேசையில் ஊன்றிப் பென்சிலால் மூலைக்கு மூலை கோடிழுக்க. பின்னர் தாளின் நடுவில் நகத்தளவு வட்டங்களைத் தொடர்ந்து பத்து நிமிடம் வரைக. எந்தத் தாளில் முழங்கை இடம்பெயராமல் மூலைகளை எட்ட முடிகிறதோ, எந்தத் தாளில் வட்டங்கள் நெரியாமல் வருகின்றனவோ, அந்த அளவே அவர்க்குரியது.

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்துரைப்பின், மடிக்கணினியில் ஒளிப்படம் மட்டும் திருத்துவோர்க்கும் இடம் குறைந்தோர்க்கும் சிறிய பலகை போதுமானது. 22 முதல் 27 அங்குலத் திரையில் நாள் முழுதும் பணிபுரிவோர்க்கு நடுத்தரப் பலகை தக்கது. ஒளிப்படத்தோடு ஓவியமும் எழுதுவோர், அகன்ற மேசையும் மிகப் பெரிய திரையும் உடையோர் பெரிய பலகையை நாடலாம். ஐயம் நேரின் நடுத்தரத்தைத் தெரிவு செய்க. பணம் தட்டுப்படின் சிறியதை வாங்கக் கூசற்க.

முடிவுரை

அம்மாணவரிடமும் ஏ4 தாள் ஒன்றைக் கொடுத்து மடிக்கச் சொன்னேன். அவரிடம் இருந்தது பழைய மடிக்கணினி ஒன்று; வீட்டில் இருந்தது தங்கையோடு பகிர்ந்துகொள்ளும் சிறு மேசை. மறுநாள் வந்து, "ஐயா, இருமுறை மடித்ததே போதும் போலிருக்கிறது" என்றார். சிறிய பலகையே வாங்கினார். எஞ்சிய பணத்தைத் தந்தையிடம் திருப்பிக் கொடுக்க, அது தங்கையின் படிப்புக் கட்டணமாயிற்று. இவ்வாண்டு ஆடியில் வெளிவந்த நாட்காட்டி ஆல்பம் ஒன்றை அவர் என்னிடம் காட்டினார். அதில் மூன்று படங்கள் அவர் கை பட்டவை. எவ்விடத்தில் திருத்தியுள்ளார் என்று நெடுநேரம் தேடியும் எனக்குப் புலப்படவில்லை. திருத்தியது தெரியாமல் திருத்துவதே அத்தொழிலின் திறமன்றோ!

நிறுவனத்தில் அவர்க்குப் பெரிய திரையும் நடுத்தரப் பலகையும் தந்திருக்கிறார்களாம். வீட்டில் இருக்கும் சிறிய பலகையில் இப்பொழுது தங்கை பழகுகிறாள். கையின் அளவை அறிந்து கருவியைக் கொள்வோர்க்குச் சிறிய கருவியும் பெருந்துணையாகும் என்பதற்கு அவ்விருவருமே சான்று.